கடைசி நாள் பொன்னாடை

மாதத்தின் கடைசி வேலை நாள், மாலை நான்கு மணி. தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து பாருங்கள். கூட்ட அரங்கில் ஃப்ளெக்ஸ் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, 'பணி நிறைவு பாராட்டு விழா' நடந்துகொண்டிருக்கும். 60 வயது நிறைந்த கண்காணிப்பாளர் ஒருவர் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் மனைவி. மாவட்ட அலுவலரில் தொடங்கி ஜீப் டிரைவர் வரைக்கும் ஒவ்வொருவராக மைக் பிடிப்பார்கள். சார் மேசையில் ஒரு ஃபைல் மூன்று நாள் தங்கியதில்லை என்பார் ஒருவர். தணிக்கைத் தடை வந்தபோது ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்தவர் என்பார் இன்னொருவர். மனைவி சட்டென்று நிமிர்ந்து கணவரைப் பார்ப்பார். அந்த ராத்திரிகளில் அவர் ஏன் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார் என்பது அந்த அம்மாவுக்கே அப்போதுதான் தெரிகிறது. பிறகு பொன்னாடை, சந்தன மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். (இனி எந்த ஆபீசுக்கும் நேரத்துக்குப் போக வேண்டாதவருக்குக் கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்களோ!) மைசூர்பாகு, காராசேவு, டீயோடு கூட்டம் கலையும்.

அந்த மேடையில் பேசப்படுவதில் பெரும்பகுதி நிஜம். முப்பது வருஷமாக அதை ஏன் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. மறதி என்று நான் நம்பவில்லை. கடைசி நாளில் சொன்னால் செலவு கிடையாது. "நீங்களே மைக்ல சொன்னீங்களே சார், அப்ப என் புரமோஷன் மட்டும் ஏன் நின்னுது?" என்று மறுநாள் வந்து கேட்க அந்த மனிதர் இருக்கப் போவதில்லை.

ஊழியர்களைப் பாராட்டுங்கள், அவர்கள் உற்சாகமாக வேலை செய்வார்கள் என்று மனிதவளத் துறையினர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். எல்லா மேலாளர்களும் தலையாட்டுகிறார்கள். ஆனாலும் நடப்பதில்லை. பாராட்டுவது ஒரு வகையில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற வேலை. இதைச் செய்தது நீ, இதில் எனக்கு ஆதாயம் உண்டு என்று ஒப்புக்கொள்வது அது. ஒப்புக்கொண்டால் திருப்பிக் கேட்பார்களே என்கிற பயம் முதலாளிக்கும் மேலாளருக்கும் உள்ளூர இருக்கிறது. பாராட்டுக்கு இருக்கிற பலம் எங்கிருந்து வருகிறதோ, அதைச் சொல்லத் தயங்குகிற பயமும் அங்கிருந்துதான் வருகிறது.

தனி ஃபோல்டர்

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. க்ளையன்ட்டிடமிருந்து ஓர் 'அப்ரிசியேஷன் மெயில்' வந்தால் அதைத் தனி ஃபோல்டரில் எடுத்து வைப்பார்கள். அப்ரைசல் சமயத்தில் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம். மேனேஜருக்கும் இது தெரியும். இத்தனை பேர் கொண்ட டீமில் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று பெல் கர்வ் கணக்கை மேலிடம் முன்கூட்டியே கொடுத்திருக்கும். வருஷம் முழுக்கப் பத்துப் பேரையும் மெயிலில் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ஏழு பேரைக் கூப்பிட்டு 'சுமார்' என்று சொல்ல எந்த மேனேஜராலும் முடியாது. அதனால் வாயால் ஒரு 'சூப்பர்', டீம்ஸில் ஒரு கட்டைவிரல். எழுத்தில் எதுவும் வராது.

சிறு நிறுவனங்களில் பேச்சுதான் வேறு, பயம் அதேதான். "சம்பளம்தான் கொடுக்கறோமே, அப்புறம் என்ன?" "புகழ்ந்தா தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவான்." "நல்லா செய்யறேன்னு சொன்னா அடுத்த வாரமே கூலி ஏத்திக் கேட்பான்." இந்த மூன்றில் மூன்றாவதைச் சொல்கிறவர்தான் மனசில் உள்ளதைச் சொல்கிறார்.

அமெரிக்காவின் கேலப் நிறுவனம் உலகெங்கும் அலுவலகங்களில் ஊழியர்களின் ஈடுபாட்டை அளக்க 12 கேள்விகள் வைத்திருக்கிறது. நான்காவது கேள்வி, கடந்த ஏழு நாளில் உங்கள் நல்ல வேலைக்காக யாராவது பாராட்டினார்களா என்பது. ஏழு நாள்! வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டு விழாவில் கேடயம் கொடுக்கிற நிறுவனம் இந்தக் கேள்வியில் 51 வாரம் தோற்கும்.

போனஸுக்கு யார் நன்றி சொன்னார்கள்?

அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்துக் கதை கேட்டார். வேலையில் ரொம்பச் சந்தோஷமாக இருந்த நேரம் எது, வெறுத்துப்போன நேரம் எது என்பதுதான் கேள்வி. 1959-ல் அது புத்தகமாக வந்தது. சந்தோஷக் கதைகளில் ஒரு காரியத்தைச் சாதித்ததும், அதை நாலு பேர் அங்கீகரித்ததும் திரும்பத் திரும்ப வந்தன. வெறுத்துப்போன கதைகளில் நிர்வாகத்தின் விதிமுறைகள், மேலதிகாரியின் நடத்தை, சம்பளம் ஆகியவை வந்தன. இவை ஒரே தராசின் இரண்டு தட்டுகள் இல்லை என்பதுதான் அவர் கண்ட விஷயம். சம்பளமும் வசதியும் குறைந்தால் மனிதன் கசந்துபோவான். அவை சரியாக இருந்தால் கசப்பு நீங்கும், அவ்வளவுதான். உற்சாகம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். இந்தப் பிரிவினை ரொம்பவும் கறாரானது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னதும் உண்டு.

நம் ஊர் தீபாவளி போனஸை வைத்துப் பார்த்தால் ஹெர்ஸ்பெர்க் சொன்னது பிடிபடும். முதலாளி மனசு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை, தொழிற்சங்கங்கள் போராடி உரிமையாக்கின. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது, பின்னால் வந்த திருத்தம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று எழுதிவைத்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். இன்றைக்கு அது வந்தால் யாரும் நன்றி சொல்வதில்லை, வராவிட்டால் கேட் மீட்டிங் நடக்கும். அதுதான் முறையும்கூட. உரிமையாக வாங்குவதற்கு எதற்கு நன்றி? ஆனால் போனஸ் கொடுத்துவிட்டோம், ஆட்கள் இனி உற்சாகமாக இருப்பார்கள் என்று கணக்குப் போடுகிற முதலாளி ஏமாந்து போவார்.

சலூனில் ஒரு நட்சத்திர அட்டை

ஸாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் நடந்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எச்.ஐ.வி. தடுப்புக்காகப் பெண்ணுறைகளை மக்களிடம் கொண்டு சேர்க்க ஒரு பொதுச் சுகாதார அமைப்பு வழி தேடியது. முடிதிருத்துபவர்களையும் பெண்களுக்குத் தலை பின்னிவிடுபவர்களையும் அது பிடித்தது. நல்ல யோசனைதான். பின்னி முடிக்கும்வரை வாடிக்கையாளர் எழுந்து போக முடியாது, பேச்சும் தானாக வளரும். சுமார் 1,200 சலூன்காரர்கள் சேர்ந்தார்கள். நவா அஷ்ரஃப், ஓரியானா பண்டியேரா, கெல்சி ஜாக் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு விற்ற பணத்தில் 90 சதவீதம் அவர்களுக்கே. இன்னொன்றுக்கு 10 சதவீதம். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் கிடையாது, சேவை மட்டும். நான்காவது பிரிவுக்கும் பணம் இல்லை. கடைச் சுவரில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் தெர்மாமீட்டர் படம் இருக்கும். விற்க விற்க ஒவ்வொரு நட்சத்திரமாக ஒட்ட வேண்டும். நட்சத்திரம் ஏறுவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வாடிக்கையாளரின் கண்ணில் படும்.

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். நட்சத்திர அட்டை மாட்டியவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு விற்றிருந்தார்கள். 90 சதவீதம் வாங்கியவர்களுக்கும் ஒன்றும் வாங்காதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2014-ல் இந்த ஆய்வு வெளியானது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் சம்பள உயர்வுக்குப் பதில் ஸ்டிக்கர் வாங்கிப் போடலாம் என்று எந்த நிர்வாகமும் கிளம்ப வேண்டாம். அந்தச் சலூன்காரர்களுக்குச் சோறு போட்டது கத்தரிக்கோலும் சீப்பும். உறை விற்றது பக்கத்தில் செய்த நல்ல காரியம். அந்த இடத்தில் நட்சத்திரம் வேலை செய்தது என்பது மட்டும்தான் இதிலிருந்து கிடைக்கிற செய்தி. இன்னொன்று, அந்த அட்டையில் பொய் சொல்ல இடமில்லை. விற்றால்தான் நட்சத்திரம். மேனேஜரின் மனசு, ஜால்ரா, 'இந்த மாசம் உன் டர்ன்' எதுவும் உள்ளே வர முடியாது.

டேட்டா என்ட்ரி வேலைக்குச் சில மணி நேரத்துக்கு எடுத்த 300-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. எட்டெட்டுப் பேராக உட்கார வைத்து, வேலையின் நடுவே சொல்லாமல் கொள்ளாமல் நன்றி அட்டை கொடுத்தார்கள். சில குழுக்களில் எல்லோருக்கும், சிலவற்றில் முதல் மூன்று பேருக்கு மட்டும். முதல் மூன்று பேருக்கு மட்டும் கொடுத்த இடத்தில்தான் மொத்த வேலை அதிகம் கூடியது. கூட்டியவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் அட்டை கிடைக்காதவர்கள்! நல்ல வேலை என்று இங்கே எதைச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது போலும். தேர்வு நியாயமாக இருந்தது, யார் எவ்வளவு அடித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவும் முடிந்தது. அந்த நியாயம் இல்லாத இடத்தில் இதே அட்டை பொறாமையைத்தான் வளர்க்கும்.

டார்கெட்டை ஏற்றிவிடுவார்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு லாண்டரித் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் துணி துவைக்கிற மாதிரியான பெரிய இடம். மாதம் முழுக்க லேட்டாகாமல், சொல்லாமல் லீவு போடாமல் வந்தவர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டுப் பரிசு அட்டை கொடுக்க நிர்வாகம் முடிவு செய்தது. நம் ஊர் மில்களில் 'அட்டென்டன்ஸ் இன்சென்டிவ்' என்பார்களே, அதற்குக் கொஞ்சம் பளபளப்பான தம்பி. என்ன நடந்தது என்று மூன்று ஆய்வாளர்கள் பின்னால் போய்ப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். லேட்டாகிவிடும் என்று தெரிந்தால் ஆட்கள் உடம்பு சரியில்லை என்று போன் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள். முதல் வாரத்திலேயே தகுதி போய்விட்டால் மீதி மாதத்தை ஆற அமரக் கழித்தார்கள். அதைவிட மோசம், பரிசே இல்லாத காலத்தில் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் சோர்ந்துபோனார்கள். லேட்டாக வந்துகொண்டிருந்தவன் இப்போது ஒழுங்காக வருவதற்குப் பரிசு. எப்போதும் ஒழுங்காக வந்தவரை இதுவரை யாரும் ஏறிட்டும் பார்த்ததில்லை. ஆலையின் உற்பத்தித்திறன் மொத்தத்தில் 1.4 சதவீதம் குறைந்தது.

பாராட்டுக்குப் பயப்படுவது நிர்வாகம் மட்டும் இல்லை. தொழிலாளிக்கும் அந்தப் பயம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1935 ஆகஸ்ட் கடைசியில், சோவியத் நாட்டின் டோன்பாஸ் சுரங்கத்தில் அலெக்ஸி ஸ்டகானோவ் ஒரே ஷிஃப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார் என்று அறிவித்தார்கள். இலக்கைப் போல 14 மடங்கு. அமெரிக்காவின் டைம் பத்திரிகையே அவர் படத்தை அட்டையில் போட்டது. அவர் கரியை மட்டும் வெட்டிக்கொண்டு போக, பின்னாலேயே வந்து கூரைக்கு மரத்தூண் முட்டுக் கொடுத்த உதவியாளர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 1936-ன் தொடக்கத்தில் தொழிலாளர்களின் வேலை இலக்கை நாடு முழுவதும் ஏற்றினார்கள். பெயர் ஒருவருக்கு, சுமை எல்லோருக்கும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைனுக்கு முன்னால் ஒரு போர்டு இருக்கும். மணிக்கு மணி எத்தனை பீஸ் ஓடியது என்று எழுதுவார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் குரல் அந்த ஹால் முழுக்கக் கேட்கும். கூடினால் போர்டை அழித்துவிட்டு அடுத்த மணியைத் தொடங்குவார்கள். அங்கே கை வேகமான டெய்லர்கூட ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வார். "இன்னிக்கு அடிச்சுக் காட்டினா நாளைக்கு அதுதான் டார்கெட்டு" என்று பக்கத்து மெஷின்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார். அதே ஹாலில் ஒரு சூப்பர்வைசர் மெஷின் பக்கம் குனிந்து, "அக்கா, நெக் ரிப்பு எங்கியும் சுருக்கம் விழாம ஓட்டியிருக்கீங்க. காலையிலருந்து செக்கிங்ல உங்க பீஸ் ஒண்ணுகூட ஆல்டருக்கு வரலீங்க்கா" என்று சொன்னால் கதை வேறு. அதில் எண்ணிக்கை இல்லை, கைத்திறன் இருக்கிறது. டார்கெட்டாக மாற்ற முடியாத பாராட்டு அது.

ஐ.டி.யிலும் இதே கதைதான். 'குட் ஜாப் டீம்' என்பதை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. "நேத்து ராத்திரி பேட்ச் ஜாப் ஃபெயில் ஆனப்ப முழுசா ரோல்பேக் பண்ணிடலாம்னு நாங்க எல்லாரும் சொன்னோம். நீதான் லாகை முழுசாப் படிச்சு, மாட்டிக்கிட்டது ஒரே ஒரு குவெரிதான்னு கண்டுபிடிச்ச. காலையில கஸ்டமருக்கு எதுவுமே தெரியலை." இதைச் சொல்ல மேனேஜர் அந்த ராத்திரி விழித்திருக்க வேண்டும், இல்லை காலையில் வந்து விசாரித்திருக்க வேண்டும். வேலையைக் கூர்ந்து பார்த்தவரால் மட்டுமே சொல்ல முடியும் என்பதால்தான் கேட்கிறவருக்கு அது உறைக்கிறது. நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் 'ரிவார்ட் பாயின்ட்ஸ்' ஆப்பினால் இந்தக் கவனிப்பை வாங்க முடியவில்லை. பாயின்ட்டைச் சேர்த்து ஒரு ப்ளூடூத் இயர்போன் வாங்கலாம், அதோடு சரி.

எல்லோருக்கும் மேடை பிடிக்காது என்பதையும் விழா ஏற்பாட்டாளர்கள் மறந்துவிடுகிறார்கள். கம்பெனியின் 'டவுன்ஹால்' கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூசிப்போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு வரிக் கடிதம் போதும். அரசுப் பணியில் வேறொரு வேடிக்கை. தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியர் தானே ஆன்லைனில் தன்னைப் பற்றி விண்ணப்பிக்க வேண்டும். சிபாரிசு ஒழியும் என்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு, நோக்கம் நல்லதுதான். ஆனால் தன் பெருமையைத் தானே தட்டச்சு செய்யக் கூசுகிற கிராமத்து ஆசிரியர் அந்தப் பட்டியலில் எப்படி வருவார்?

கைதட்டலும் முக்காலியும்

2022 ஏப்ரலில் சென்னையின் இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் அடுத்தடுத்துச் செய்தியில் வந்தன. கிஸ்ஃப்ளோ, மூத்த அதிகாரிகள் 5 பேருக்கு பி.எம்.டபிள்யூ. கார் கொடுத்தது. ஐடியாஸ்2ஐ.டி. 100 பேருக்கு மாருதி கார் கொடுத்தது. அதற்கு முந்தைய செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானபோது, பங்கு வைத்திருந்த 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். இந்த மூன்றில் கடைசியை நான் வேறு ரகமாகப் பார்க்கிறேன். கார் என்பது முதலாளியின் மனசு. பங்குப் பத்திரம் என்பது, இதைக் கட்டியதில் உனக்கும் பாத்தியதை உண்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது.

எழுதிக் கொடுக்காத பாராட்டு எங்கே போய் நிற்கும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாமெல்லாம் வாசலில் நின்று கைதட்டினோம், தட்டும் தட்டினோம். பிரிட்டனில் பத்து வாரம், வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்குக் கைதட்டினார்கள். அடுத்த மார்ச்சில் அந்த அரசு செவிலியர்களுக்கு 1 சதவீத ஊதிய உயர்வைப் பரிந்துரைத்தது. கண்டனம் எழுந்த பிறகு 3 சதவீதமானது. 2022 டிசம்பரில் அந்தச் செவிலியர்கள், தங்கள் சங்கத்தின் நூறாண்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதே டிசம்பரின் கடைசி நாளோடு தமிழ்நாட்டில், கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி முடிவுக்கு வந்தது. புத்தாண்டில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, ஆரவாரம் இல்லாமல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தி.நகர் ஜவுளிக்கடைகளில் புடவை எடுத்துப்போடும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்ப்பதைத் தலைமுறைகளாகப் பார்த்துக்கொண்டுதான் புடவை எடுத்தோம். கூட்டம் இல்லாத நேரத்தில்கூட அவர்கள் உட்காரக் கூடாது என்று இருந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தால் 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று எழுதியது. 'சிறந்த விற்பனையாளர்' என்று சுவரில் போட்டோ மாட்டுகிற கடையில் முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு முக்காலி இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. முக்காலி இருந்தும் அதன் மேல் பெட்டியை அடுக்கி வைத்திருக்கிற கடைகளும் உண்டு.

பட்டியலில் இல்லாதவர்கள்

பாராட்டுத் திட்டம் இருக்கிற பெரிய நிறுவனங்களிலும் அது யார் வரைக்கும் போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்கிற தொழிலாளர்களில் இப்போது 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அடுத்தடுத்து நிற்பார்கள். சட்டை நிறமோ அடையாள அட்டையின் நாடாவோதான் வேறு. சிறந்த ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இரண்டாமவர் பெயர் இருக்காது. ரிவார்ட் ஆப்பில் லாகின் இருக்காது. டவுன்ஹாலுக்கு மேடை போட்டு, விழா முடிந்ததும் தரை துடைக்கிறவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

கருமித்தனம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் காரணம் அதைவிடக் கூர்மையானது. 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் பெயரளவில்தான், உண்மையில் என்னிடம் வேலை வாங்கியது இந்தக் கம்பெனிதான் என்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். யார் மேற்பார்வை செய்தார்கள், யார் வேலையைச் சொன்னார்கள் என்பதையெல்லாம் அந்த வழக்குகளில் துருவிப் பார்ப்பார்கள். இன்ன தேதியில், இன்ன மெஷினில், இவர் சிறப்பாக வேலை செய்தார் என்று கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு பாராட்டுக் கடிதம் அங்கே என்னவாகும் என்று நிர்வாகத்தின் வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தீபாவளி இனிப்புப் பெட்டிகூட ஒப்பந்ததாரர் கையால்தான் வருகிறது.